பக்கத்துத் துறையின் இயந்திரக் கை

மதிப்புக்குரிய சூ-லான் அக்காவுக்கு,

தைச்சுங்கிலிருந்து தம்பி சிங்-யுவான் தலைவணங்கி எழுதுவது. அத்தானின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் லியாவ். எங்கள் பல்கலைக்கழகத்தில் என் இயந்திரவியல் துறைக்கு எதிரே தானியங்கித் துறை நடத்துகிறானே, அவன்தான்.

தலை நரைக்கும்வரை கரும்பலகையில் சமன்பாடு எழுதியவன் நான். அவன் நேற்று வந்தவன். யாரோ ஒரு தொழிற்சாலை முதலாளியோடு தேநீர் குடித்தே புத்தம்புது இயந்திரக் கைகளை வாங்கிவந்து, கீழ்த்தளத்தில் ஒரு குட்டித் தொழிற்சாலையே போட்டுவிட்டான். அதற்குச் சுவர் எழுப்பியிருக்கலாம், கண்ணாடி மாட்டினான். என் மாணவர்கள் வகுப்புக்கு வரும் வழியில் அதில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறார்கள். நான் பார்ப்பதே இல்லை. நடக்கும்போது கண்ணில் பட்டால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? இந்த வருடமும் சேர்க்கை குறைந்தால் என் துறையை அவன் துறையோடு இணைத்துவிடுவதாகப் பல்கலைக்கழகத் தலைவர் வேறு சொல்லிவிட்டார். விடுவேனா? ஒரு பட்டறை கழித்துப்போட்ட பழைய இயந்திரக் கையைக் கெஞ்சி வாங்கி, வண்ணம் அடித்து, இங்கே எல்லா இயந்திரத்துக்கும் செய்வதுபோல, சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்று அதன் தலையில் 'சமர்த்து' என்று பெயர் போட்ட பச்சைப் பொட்டலத் தின்பண்டத்தையும் வைத்து, பெற்றோர்கள் பார்வையிட வரும் நாளில் கூடத்தின் நடுவில் நிறுத்தினேன். வருகிறவர்களுக்கு அது அன்னாசி கேக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் தலைவர் கை நீட்டினார். இயந்திரக் கை ஒரு கேக்கை எடுத்து அவர் விரல் வரை கொண்டுபோய், பிறகு பத்திரமாகத் திரும்பப் பெட்டியிலேயே வைத்தது. அவர் மறுபடி நீட்டினார், அது மறுபடி வைத்தது. கூட்டத்தில் ஓர் அம்மாள், "எங்க மாமியார் மாதிரியே இருக்கு. குடுக்கற மாதிரி காட்டிட்டு எடுத்து வச்சுக்குது" என்றாள். என் மாணவி யா-ட்சு காதருகே வந்து, "சார், கேக்கை விடுன்னு சொல்றதுக்கு முன்னாடியே திரும்புன்னு சொல்லிட்டோம். வேகமும் கூடிட்டே போகுது. நிறுத்திடலாமா?" என்றாள். "சும்மா இரும்மா, அது யோசிக்குது" என்றேன். அது யோசித்து முடித்து, கேக்கோடு தலைவரின் சட்டைக்கையையும் பிடித்து, அவரையும் பெட்டிக்குள் வைக்கப் பார்த்தது.

அப்போது லியாவ் சாவகாசமாக வந்து, இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். கூட்டத்தைப் பார்த்து, "பயப்படாதீங்க. இந்த மாதிரி நேரத்துல என்ன பண்ணணும்னு சொல்லிக்குடுக்கத்தான் பல்கலைக்கழகம் இருக்கு" என்றான். கைதட்டல். என் இயந்திரம் சொதப்பியதற்கு அவனுக்குக் கைதட்டல், அக்கா. அதோடு விட்டானா? பச்சைப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, "சார், இது காலாவதி ஆயிடுச்சே. அதான் பேச்சு கேக்கல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இன்னும் தாடை வலிக்கிறது. பெற்றோர்கள் நேரே அவன் துறைக்கு வரிசை கட்டினார்கள். இணைப்பு உத்தரவு வந்துவிட்டது. கதவில் மேலே அவன் பெயர், கீழே பொடி எழுத்தில் என் பெயர். வீட்டில் சொன்னால் என் மனைவி, "பாவம், உங்களைக் காப்பாத்தத்தானே வந்தாரு" என்கிறாள். அவளுக்கும் அவன் 'அவர்'.

ராஜினாமா எழுதிவிட்டேன். அடுத்த மாதம் லூகாங் வந்து உங்கள் சிப்பி நூடுல்ஸ் கடைக் கல்லாவில் உட்கார்ந்துகொள்கிறேன். இயந்திரம் எதுவும் வாங்கிவைக்க வேண்டாம்.

கடல் தெய்வம் மாட்சு அன்னை உங்கள் அடுப்பையும் அத்தானின் முட்டியையும் காக்கட்டும்.

பாசமுள்ள தம்பி,
சிங்-யுவான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது லியாவ் வீட்டுக்கு வந்தார். "சார், என் பசங்க பொத்தானை நல்லா அழுத்துறாங்க. இயந்திரம் நின்னா என் மூஞ்சியைப் பாக்குறாங்க. உங்க யா-ட்சு ஏன் கோளாறுன்னு நின்ன இடத்துலயே உங்ககிட்ட சொன்னதைப் பின்னாடி நின்னு கேட்டேன். அன்னைக்கு உங்க மேல எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? வந்து என் பசங்களுக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிக்குடுங்க" என்றார். சரியாகக் காதில் விழவில்லை என்று, பொறாமைப் பகுதியை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னார். கல்லாவுக்கு வேறு ஆள் பாருங்கள். கடிதத்தைத் திருப்பி எழுத நேரமில்லை, பாடம் தயாரிக்க வேண்டும். மேலே 'அவன்' என்று இருக்கும் இடத்திலெல்லாம் 'அவர்' என்று வாசித்துக்கொள்ளுங்கள்.