போர்டு மிச்சமும் பத்து நாள் நாயும்

பாலாற்றங்கரை,
28 மார்ச் 1932, திங்கட்கிழமை.

சிரஞ்சீவி தம்பி ஞானமுத்துவுக்கு அக்காள் அன்னம்மாள் ஆசி கூறி எழுதுவது. உனக்கும் உன் மனைவிக்கும் குழந்தைகள் மூவருக்கும் நேற்றைய ஈஸ்டர் பண்டிகையின் சமாதானம் உண்டாவதாக. இவ்விடத்தில் நான் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவது என் வழக்கம். நாளை மறுநாள் புதன்கிழமை மாலை வரையில் அதை எழுதுவதற்கில்லை. காரணம் கீழே வருகிறது. பதறாமல் படி. நானும் பதறாமல்தான் எழுதுகிறேன். நடுநடுவே தண்ணீர் மட்டும் குடித்துக்கொள்கிறேன். அதற்கும் காரணம் வருகிறது.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கோட்டையில் உன் மேஜைக்கு வந்த கட்டு ஒன்றில் நம் ஊர்ப் போர்டின் பெயரைப் பார்த்தாய் என்றும், ஜில்லா முழுவதும் வரவு போதாமல் திண்டாடும் இந்த வருஷத்தில் நம் போர்டு மட்டும் நானூறு ரூபாய் மிச்சம் காட்டியிருக்கிறது என்றும், மேலதிகாரி ஓரத்தில் "மெச்சத்தக்கது" என்று எழுதினார் என்றும், பிறந்த ஊரை நினைத்து உனக்கு மார்பு நிமிர்ந்தது என்றும் எழுதியிருந்தாய். அதை நான் இடது காலை முக்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு படித்தேன். கால் அங்கே இருப்பதற்கு அந்த மிச்சமே காரணம்.

அது எப்படி வந்தது என்பது உங்கள் கட்டில் இராது. செலவு செய்யாததால் வந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் மாற்றலாகிப் போனபின் அந்த இடத்தை நிரப்பவில்லை. கம்பவுண்டர் ராமலிங்கம் டாக்டரின் நாற்காலியில் பாதியில் மட்டும் உட்கார்ந்து வைத்தியம் செய்கிறார். என் பள்ளிக்கூடத்தின் இரண்டாவது உபாத்தியாயினி சுந்தரியை ஜூலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று முதல் இரண்டு அறைகளுக்கும் நடுவே வாசற்படியில் நின்று ஐந்து வகுப்புகளுக்கும் பாடம் சொல்கிறேன். பஞ்சாங்கத்தில் நிலா உள்ள இரவுகளில் தெருவிளக்கு ஏற்றுவதில்லை. நாய் ஒழிப்பு என்ற இனத்தில் ஒரு காசும் செலவாகவில்லை. தோல் பதனிடும் டேனரிகளின் பின்புறம் எறிகிற கழிவுக்காக நாய்கள் பெருகி, பெண் குழந்தைகள் பள்ளிக்கு வரப் பயப்படுகிறார்கள் என்று நான் ஐந்து விண்ணப்பம் கொடுத்தேன். ஐந்தும் கிடைத்தன என்று ஐந்து பதில் வந்தது.

குருத்தோலை ஞாயிறன்று மாலை ஆராதனை முடிந்து டேனரிச் சந்து வழியாக வந்தேன். பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்ததால் விளக்கு இல்லை. நிலா இருந்தது, ஆனால் அது சுவருக்கு மேலே இருந்தது, சந்துக்குள் இல்லை. ஏதோ ஒன்று உறுமியது. என் கையில் குருத்தோலையைத் தவிர வேறு ஆயுதம் இல்லை. அதை வீசினேன். கெண்டைக்காலில் நான்கு பற்கள் ஆழமாக இறங்கின. நாய் என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. பகலில் பார்த்திருந்தாலும் தெரிந்திராது. தோலுக்குச் சாயம் ஏற்றி ஊறி முடிந்த ஆவாரம்பட்டைக் குவியலில் படுத்துப் படுத்து இவ்வூர் நாய்கள், பிறந்த நிறம் எதுவானாலும், ஒரே செம்பழுப்பாகத்தான் திரிகின்றன.

ராமலிங்கம் காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையை விரல் வைத்துப் படித்தார்.

"அந்த நாயைப் பிடிச்சிக் கட்டிப் போடுங்கம்மா. பத்து நாள் அது உசுரோட இருந்தா நீங்களும் உசுரோட இருப்பீங்க."

"நடுவுல செத்துட்டா?"

"அன்னைக்கே ரயிலேறி குன்னூரு வெறிநாய்க்கடி ஆஸ்பத்திரிக்குப் போய்டணும். பதினாலு நாளு வயித்துல ஊசி."

"லேட்டாய்ட்டா?"

"கீழ பாதிக் காயிதத்தக் கரையான் தின்னுட்ச்சும்மா."

உடனே குன்னூருக்குப் போவதுதானே என்று நீ கேட்பாய். எனக்குப் பதிலாக நிற்கச் சுந்தரி இல்லை. பதினான்கு நாள் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தால் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று கண்டுபிடிக்கப் போர்டுக்குப் பதினைந்தாம் நாள் போதும். அடுத்த வருஷத்து மிச்சம் நாங்களாக இருப்போம். அறுபத்திரண்டு பெண்கள். சைரா இப்போதுதான் வரிக்கு அடியில் விரல் வைக்காமல் வாசிக்கிறாள். ஆகவே நாயை நம்புவது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை பள்ளிக்கூடத்து ஆயா கெங்கம்மாள் அந்தச் சந்துக்குப் போய் ஒரு நாயைக் கயிறு கட்டி அழைத்து வந்தாள். பூகோளப் படம் மாட்டிய அறையில் கட்டினோம்.

இரண்டு நாள் கழித்து உங்கள் பாராட்டுக் கடிதம் போர்டுக்கு வந்தது. அதில் "மெச்சத்தக்கது" என்பதற்குக் கீழே இன்னொரு வரியும் உண்டு. நீ அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது. மார்ச் 31 அன்று கையில் நிற்கும் மிச்சம் அடுத்த வருஷத்து மானியத்தில் கழித்துக்கொள்ளப்படும். அவ்வளவுதான், அன்று மத்தியானமே அவசரக் கூட்டம். விளக்குக்கு டெண்டர் கேட்க ஒரு மாதம் ஆகும், டாக்டரை நியமிக்க ஆறு மாதம் ஆகும்; ஒன்பது நாளில் செலவழிக்கக் கூடியது என்னவென்று தேடியதில் என் விண்ணப்பங்கள் அகப்பட்டன. பிரசிடெண்ட் ரஷீத் அஹமது சாகிப் நல்ல மனுஷர். நேரில் வந்து சொன்னார்.

"டீச்சரம்மா, அஞ்சு பெட்டிஷன் போட்டீங்களே, அஞ்சுக்கும் சேத்து சேங்ஷன் ஆய்ட்ச்சு! வாலுக்கு எட்டணா. முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள ஊர்ல ஒரு நாய் இருக்காது, பாத்துக்குங்க."

"புதன்கிழமை வரைக்கும் ஒண்ணு மட்டும் இருக்கணுமே, சாகிப்."

"ஒண்ண விட்டா எல்லாரும் அவங்கவங்க நாய்க்குக் கேப்பாங்க. நீங்க கேட்டதத்தானே செஞ்சோம், பேஜார் பண்ணாதீங்கம்மா."

எட்டணா வீதம் நானூறு ரூபாய்க்கு எண்ணூறு வால் வேண்டும். ஊரில் இருந்தது இருநூறு நாய்க்கு மேல் இராது. வியாழக்கிழமை முதல் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் நாய்கள் வந்து இறங்குகின்றன; அவற்றில் பாதி கயிற்றை அறுத்துக்கொண்டு ஊருக்குள் ஓடுகின்றன. வால்தான் சாட்சி என்பதால் சிலர் வாலை மட்டும் நறுக்கிக்கொண்டு நாயை விட்டுவிடுகிறார்கள். முன்பு இந்த நாய்கள் கடிப்பதற்குக் காரணம் இருக்கவில்லை; இப்போது இருக்கிறது. வெள்ளாட்டுத் தோலின் ஓரத்தைச் சுருட்டித் தைத்த வால்களும் வருகின்றன, தையல் நேர்த்தியாக இருக்கிறது என்று ராமலிங்கம் சொல்கிறார். வால் எண்ணும் வேலை அவருக்கு. ஆஸ்பத்திரியில் இப்போது பாதி நாற்காலியிலும் ஆள் இல்லை.

வால் கொண்டுவருகிறவர்களில் முதல்வன் அமீர் பாஷா, டேனரியில் தோல் வழிக்கிறவன், கத்தி சொந்தக் கத்தி. சனிக்கிழமை பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வந்து நின்றான்.

"டீச்சரம்மா, உள்ளாற ஒரு எட்டணாவக் கட்டி வெச்சிருக்கீங்களாமே?"

"அது எட்டணா இல்லப்பா, என் உசுரு."

"உசுரு உங்களுக்கே இருக்கட்டும்மா. வால மட்டும் குடுத்துடுங்க."

கெங்கம்மாள் துடைப்பத்தோடு குறுக்கே வந்தாள். "இன்னா பாய், உன் வீட்டு வாசல்ல நாங்க வந்து வாலு கேட்டமா? போ, போ! ஒனக்கு ஒண்ணு இருந்தா அத அறுத்துக் குடுத்து எட்டணா வாங்கிக்க."

அவன் சிரித்துக்கொண்டுதான் போனான். ஆனால் புதன்கிழமை வரை எத்தனை தடவை சிரிப்பான்?

கத்திக்குத் தப்பினாலும் நாயின் போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. எலும்பைப் போட்டால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வாயோரம் எச்சில் ஒழுகுகிறது. தாடை தொங்குகிறது. பாலில் ஊறிய பன் மட்டும் இறங்குகிறது. நான் காலேஜில் தர்க்கம் படித்தவள். ஆதாரம் இல்லாமல் முடிவுக்கு வருவதில்லை. இரவில் மூன்று தடவை விளக்கோடு போய் அது மூச்சு விடுகிறதா என்று பார்க்கிறேன். அதுவும் என்னை அப்படியே பார்க்கிறது. வெறி கண்டவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் வரும் என்பதால், பக்கத்தில் செம்பு வைத்துக்கொண்டு மணிக்கு ஒரு தடவை குடித்துப் பார்க்கிறேன். இதுவரை பயம் இல்லை. இந்தப் பாராவில் மட்டும் இரண்டு தடவை குடித்தேன்.

ஆகையால் தம்பி, உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இருபத்தைந்து வருஷத்தில் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இது கண்டதும் மேலதிகாரியைப் பிடித்து, மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு எடுத்துப் போகலாம் என்று போர்டுக்கு ஒரு தந்தி கொடுக்கச் செய். பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றால் அவர்கள் அந்த நிமிஷமே செலவை நிறுத்துவார்கள். அதில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. நாய் புதன்கிழமை வரை பிழைக்கும், நானும் பிழைப்பேன், பள்ளிக்கூடமும் பிழைக்கும்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். கடைக்குட்டியை நாய்க்குட்டியோடு விளையாட விடாதே. கர்த்தர் உங்கள் போக்கையும் வரவையும் காப்பாராக. உங்கள் தெருவில் விளக்கு எரிவதாக.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அக்காள்,
அன்னம்மாள்.

பின்குறிப்பு: தந்தி வேண்டாம். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. கடிதத்தை ஒட்டப் போகும் சமயம் ராமலிங்கம் எட்டாம் நாள் குறிப்பு எழுத வந்தார். நாயின் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு என் கால் கட்டைப் பார்த்தார். மறுபடியும் வாயைப் பார்த்தார். அதன் வாயில் ஒரு பல்கூட இல்லை. தள்ளாத கிழ நாய். கெங்கம்மாளைக் கேட்டதற்கு, "நீங்க புடின்னு சொன்னீங்க. புடிக்க வந்தது இது ஒண்ணுதாம்மா" என்றாள். என்னைக் கடித்தது எதுவோ, அதன் வால் ராமலிங்கத்தின் மூட்டையில் இருக்கலாம், வாலில்லாமல் அணைக்கட்டு ரோட்டில் போய்க்கொண்டும் இருக்கலாம். இன்றைய ரயிலில் குன்னூருக்குப் புறப்படுகிறேன். சாவி கெங்கம்மாளிடம், அவள் மணி அடிப்பாள், சைரா சின்ன வகுப்புகளுக்கு வாசித்துக் காட்டுவாள், யார் கேட்டாலும் பெரிய டீச்சர் உள்ளே இருக்கிறார் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். வழிச்செலவு கேட்டதற்கு, மிச்சம் முழுவதும் வாலில் தீர்ந்துவிட்டது, ஏப்ரல் முதல் தேதி புது வருஷம் பிறந்ததும் விண்ணப்பம் கொடுங்கள், அதுவரை கொஞ்சம் பொறுங்கள் என்று பிரசிடெண்ட் சொல்லியனுப்பினார். நீ குன்னூர்த் தபாலாபீசுக்கு இருபது ரூபாய் அனுப்பு.

செம்பு எதிரில் இருக்கிறது. இப்போது அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எட்டு நாளாக விடாமல் குடித்ததால் இருக்கலாம்.