ஊகம் தப்பாகும்வரை திறப்பு இல்லை

ஜன்னல் இல்லாத கட்டடம் பொதுமக்களை அவமதிக்கும் கட்டடம். இந்தக் கருத்தை உலகத்துக்கு முதலில் வழங்கியவர் எங்கள் அப்பா. வழங்கிய இடம், எங்கள் வீட்டு மூன்றாம் மாடி பால்கனி. வழங்கியபோது வாயில் பிரஷ் இருந்ததால் கருத்தில் பாதி நுரையாக வந்தது. இருந்தாலும் கருத்து கருத்துதான்.

எதிரே தீம் பார்க்கின் கோடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பிரம்மாண்டமான பெட்டி எழும்பியிருந்தது. நாலு சினிமா தியேட்டரைத் தூக்கி உள்ளே வைத்து மூடி போடலாம். வெளியே ஒரு பலகை: ‘இருட்டு ரோலர் கோஸ்டர். விரைவில்.’ அதாவது, முழுக்க முழுக்கக் கூரைக்குள்ளேயே, கும்மிருட்டில் ஓடப்போகிற ரோலர் கோஸ்டர். எப்படி ஓடும், எங்கே கவிழும், ஒரு விவரம் கிடையாது. வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் மூட்டையே வந்து இறங்கிவிட்டது.

அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஆகவே தூரப் பார்வை தன் துறை என்று அவருக்கு ஒரு நினைப்பு. அவர் தலைமையில் ‘இருட்டுக் கோஸ்டர் ஆய்வு மன்றம்’ உதயமாயிற்று. செயலாளர், கீழ்வீட்டு டியூஷன் சார். கணக்கு வாத்தியார். மற்ற உறுப்பினர்கள் எல்லாம் செல்போன் குழுவில் கைதட்டுகிற பொம்மை போடுவதற்கென்றே பிறவி எடுத்தவர்கள்.

இதில் ஒரே ஒரு சின்னச் சங்கடம். அந்தப் பெட்டிக்குள் தண்டவாளம் பொருத்துகிற ஃபிட்டர், எங்கள் அம்மா.

அம்மா ஒப்பந்த ஊழியர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே ஒப்பந்தம்தான். “ரைடு திறக்குற அன்னிக்கு உங்களுக்கு வேலை நிரந்தரம்மா” என்று நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. திறப்பு விழா என்றால் ஊருக்கு வேடிக்கை. அம்மாவுக்குப் பிழைப்பு.

ஆனால் உள்ளே கால் வைக்கும் முன்பே ரகசியக் காப்பு அதிகாரி அவளிடம் கையை நீட்டச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தார். “உள்ளே இருப்பதை இருக்கிறது என்றோ, இல்லாததை இல்லை என்றோ, கணவர், பிள்ளைகள், அக்கம்பக்கத்தார், பேசும் கிளி உள்ளிட்ட எவரிடமும் கூற மாட்டேன்.” மீறினால் அன்றோடு வேலை போச்சு.

எங்கள் வீட்டில் கிளி கிடையாது. அப்பா இருந்தார்.

“நான் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டேன் சார்,” என்று அப்பா டியூஷன் சாரிடம் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். “அவ தொழில் தர்மம் எனக்கு உசிரு. ஆனா பாக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லையே?”

அன்று சாயங்காலம் அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“கழுத்து பிடிச்சிருக்கா?”

“ம்.”

“முன்பக்கமா, பின்பக்கமா?”

“ஏங்க, கழுத்துல ஏதுங்க அவ்வளவு பக்கம்? தைலத்த எடுங்க.”

அப்பா தைலத்தை எடுக்கவில்லை. போனை எடுத்தார். “சார்! ரைடு பின்பக்கமா ஓடுது! பின்னாடி திரும்பிப் பாத்து வேலை செஞ்சாத்தான் இந்த இடத்துல பிடிக்கும்!”

“நானும் அதான் சொல்ல வந்தேன்,” என்றது சாரின் குரல். “கட்டடத்து நீளத்த அகலத்தால வகுத்தேன். மீதி வருது. மீதி வந்தா வண்டி திரும்பி வந்துதான ஆகணும்?”

அப்பா சொன்ன காரணம் தப்பு. சார் போட்ட கணக்கு தப்பு. விடை மட்டும் சரி. பரீட்சையில் பாஸாகிறவர்கள் பலரும் இப்படித்தான்.

ஊகம் செல்போன் குழு வழியாக ஊரெல்லாம் பரவி, மறுநாள் பெட்டிக்குள் அவசரக் கூட்டம். (இதையெல்லாம் அம்மா எல்லாம் முடிந்த பிறகுதான் நடித்துக் காட்டினாள். அதிகாரி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைக் கனைப்பார். படிக்கிறவர்கள் தயவுசெய்து அங்கங்கே கனைத்துக்கொள்ளவும்.)

“கசிவு ஏற்பட்டுள்ளது,” என்றார் அதிகாரி.

“கசியல சார். ஊகிச்சுட்டாங்க,” என்றார் பொறியாளர்.

“கசியாமலேயே ஊகிக்க முடிகிறது என்றால், அது ரகசியமாக இருக்கத் தகுதியற்ற ரகசியம். தகுதியற்ற ரகசியத்தை இந்நிறுவனம் திறந்துவைக்க இயலாது. எனவே ஊகம் தப்பாக வேண்டும். பொதுமக்களின் வாயைத் திருத்த நமக்கு அதிகாரம் இல்லை. ரைடைத் திருத்த இருக்கிறது.”

“அப்ப திறப்பு விழா சார்?” இது அம்மா.

“ஊகம் தப்பாகும்வரை ஒத்திவைக்கப்படுகிறது.”

தண்டவாளத்தைக் கழற்றி, முன்பக்கமாக ஓடும்படி மாட்டினார்கள். அம்மா உள்ளங்கை கொப்புளத்தோடு வீட்டுக்கு வந்தாள். அப்பா கையைப் பிடித்துப் பார்த்து உருகினார். “பாவம், மாட்டுனத எல்லாம் கழட்டியிருக்கா…” சட்டென்று முகம் மலர்ந்தது. “சார்! முன்பக்கமா திருப்பிட்டாங்க!”

கைதட்டும் பொம்மைகள். மறுநாள் கூட்டம். கனைப்பு. கழற்றல்.

அம்மாவுக்கு ஒன்று புரிந்தது. தன் வேலை நிரந்தரத்துக்கு நடுவில் நந்தி மாதிரி உட்கார்ந்திருப்பது தாலி கட்டிய புருஷன். ஆனால் அதை அவரிடம் சொன்னால் ஊகம் சரி என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். சத்தியம் உடையும்.

“ஏங்க, இந்த மன்றம் கின்றமெல்லாம் விட்டுடலாமே?”

“ஏன்?”

“சும்மாதான்.”

“தப்பாச் சொல்றேன்னு விடச் சொல்றியா, சரியாச் சொல்றேன்னா?”

வாயைத் திறந்தால் வேலை போகும். மூடினால் நிரந்தரம் போகும். அம்மா அடுக்களைக்குப் போய், ஏற்கனவே கழுவி வைத்த பாத்திரத்தை எல்லாம் மறுபடி கழுவினாள்.

அப்பா கதவோரம் நின்று குரலைத் தாழ்த்தினார். “சார், சட்டியச் சுத்திச் சுத்தித் தேய்க்கிறா. உள்ள ஒரு சுழல் இருக்கு.”

இருந்தது. மறுநாள் இல்லை.

இதற்குள் ஊகம் ஊருக்கே நாகரிகமாகிவிட்டது. கருத்து இல்லாதவனுக்கு முடிதிருத்துகிற கடையில்கூட நாற்காலி கிடைக்கவில்லை. “முன்பக்கமா, பின்பக்கமா?” என்று கேட்டுவிட்டுத்தான் கத்தரியையே எடுத்தார்கள். பின்பக்கக் கட்சிக்காரர்கள் சட்டையைப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு, பட்டன் மாட்ட ஆள் தேடி அலைந்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை சுழல் கட்சி என்று தெரிந்து சம்பந்தமே முறிந்தது. டியூஷன் சார் அல்ஜீப்ராவை ஏறக்கட்டிவிட்டு ‘இருட்டில் அலறுதல்: அடிப்படைப் பயிற்சி’ ஆரம்பித்தார்.

“வயித்துலேர்ந்து வரணும். தொண்டையில நிக்கக் கூடாது. எங்க, ஆ…”

“ஆ!”

“இது பல் வலி ஆ. பள்ளத்துல விழற ஆ வேணும்.”

எங்கள் மாடிப்படியில் சாயங்காலமானால் இருபது பேர் பள்ளத்தில் விழுந்தார்கள்.

அம்மா கடைசியாக ஒரு தந்திரம் செய்தாள். அப்பாவைத் திசைதிருப்ப, நன்றாக இருந்த காலை வேண்டுமென்றே நொண்டிக்கொண்டு வந்தாள். படியேறும்போது ஒரு காலும், உள்ளே வந்ததும் மறந்துபோய் இன்னொரு காலும்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ரைடு பாதியில நிக்கும் சார். நின்னு, அப்புறம் திசை மாத்தும்.”

அன்று காலையில்தான் பொறியாளர் அதைப் பொருத்தியிருந்தார், வேறு வழியில்லாமல். செய்தி தெரிந்ததும் மனிதர் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்து அழுதாராம். “இனிமே என்கிட்ட திசையே இல்ல சார். மேல, கீழ, முன்ன, பின்ன, தலைகீழ், எல்லாத்தையும் அந்தக் கண்ணாடிக்கடைக்காரன் சொல்லிட்டான்.”

அதிகாரி கனைத்தார். “அப்படியானால் திறப்பு விழாவைக் காலவரையின்றி…”

காலவரையின்றி என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“சார், ஒரு நிமிஷம். ஊர்ல எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, வாஸ்தவம். ஒண்ணே ஒண்ண மட்டும் இதுவரைக்கும் எவனும் சொல்லல.”

“என்ன அது?”

“உள்ள ஒண்ணுமே இல்லன்னு.”

அதிகாரி கனைக்க மறந்துவிட்டார். கண் கலங்கியது. “அம்மா… இதுதான் ரகசியம். இது எப்படிக் கசியும்? கசிவதற்கு ஏதாவது இருந்தால்தானே!”

தண்டவாளம், வண்டி, சங்கிலி எல்லாம் லாரி ஏறின. மிஞ்சியது வரிசையில் நிற்பதற்கான குழாய்த் தடுப்பு மட்டும். அதை மட்டும் கட்டடம் முழுக்க வளைத்து வளைத்து அம்மா பொருத்தினாள். சரிவு உண்டு. ஏற்றம் உண்டு. கும்மிருட்டு தாராளமாக உண்டு.

பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டுமே? அரசு ஆய்வாளர் வந்தார்.

“வண்டி எங்க?”

“ரகசியம்.”

“தண்டவாளம்?”

“அதுவும்.”

ஆய்வாளர் உள்ளே நடந்து, முட்டி மோதி, வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் பயப்படாமக் கையெழுத்துப் போடுற முதல் ரைடு இதுதாங்க. கழண்டு விழறதுக்கு ஒண்ணுமே இல்ல.” அந்த ஆண்டின் மிகப் பாதுகாப்பான ரோலர் கோஸ்டர் என்று விருதுக்கும் பரிந்துரைத்தார்.

திறப்பு விழாவன்று அப்பாதான் முதல் ஆள். பின்னால் டியூஷன் சார், அவருக்குப் பின்னால் பயிற்சி பெற்ற அலறல்காரர்கள். இருட்டில் வரிசை வளைந்தது, ஏறியது, இறங்கியது. யாரோ யாருடைய காலையோ மிதிக்க, மிதிபட்டவர் வயிற்றிலிருந்து அலறினார். நல்ல அலறல். அதைக் கேட்டு ஊரே அலறியது. அலறிக்கொண்டே நடந்து, ஒரு கதவைத் தள்ளி, வெளிச்சத்துக்கு வந்தால், டி-ஷர்ட் விற்கிற கடை.

கூட்டம் ஒரு கணம் திகைத்து நின்றது. வழக்குப் போட்டுவிடுவார்களோ என்று அதிகாரி வேர்த்துப்போனார்.

அப்பா கையை உயர்த்தினார். தலைமுடி கலைந்திருந்தது. கண்ணாடி கோணியிருந்தது. “வரிசையே இப்படின்னா,” என்றார் நடுங்கும் குரலில், “ரைடு எப்படி இருக்கும்!”

“ரெண்டாம் கட்டம்!” என்று கத்தினார் சார். “உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையில கணக்கு இடிக்குது!”

ஊர் மறுபடி வரிசையின் வாலைத் தேடி ஓடியது. ஆண்டுச் சந்தா மத்தியானத்துக்குள் தீர்ந்துபோனது.

மாலையில் அம்மாவுக்குப் பணி நிரந்தரமாயிற்று. அதிகாரியே கையைப் பிடித்துக் குலுக்கினார். “சத்தியம் இன்றோடு ரத்து. நாணயமாக நடந்துகொள்ள வேண்டியது ஒப்பந்த ஊழியர்கள்தான். நிரந்தர ஊழியர்களை அப்படியெல்லாம் கட்டாயப்படுத்த விதியில் இடமில்லை.”

அம்மா வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். அப்பா எதிரே வந்து உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார்.

“இப்பதான் சத்தியம் இல்லையே. சொல்லும்மா, உள்ள என்னதான் இருக்கு?”

“ஒண்ணுமே இல்லங்க.”

“ஒண்ணுமேவா?”

“ஒரு போல்ட்டுகூட இல்ல. நான்தான் எல்லாத்தையும் கழட்டினேன். வெறும் வரிசை.”

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல அவர் கண்ணில் பெருமை பொங்கியது. “பாத்தியாடி உங்கம்மாவ?” என்றார் என்னிடம். “நிரந்தரமான பிறகும் என்ன விசுவாசம்! கட்டின புருஷன்கிட்டயே கண்ணிமைக்காமப் பொய் சொல்றா பாரு!” போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினார்.

நானும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் அம்மா என் தலையில் கை வைத்து, “உம்மேல சத்தியம்டி, உள்ள ஒண்ணுமில்ல,” என்றாள்.

வருகிற சனிக்கிழமைக்கு நான் டிக்கெட் போட்டிருக்கிறேன். ஒன்றுமே இல்லாததற்கு எங்கள் அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிற ஆள் இல்லை.