கீரி வாங்கிய நூற்றுப்பத்து லிட்டர் பை

ஒரு காட்டில், வேலை காலி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். எந்தக் காடு என்று கேட்க வேண்டாம். மலை இருக்கிறது, மழை இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது. கதைக்கு இது போதும்.

வேலை மலை உச்சியில். காவல் வேலை. பனிக்காலம் முழுக்க மேலேயே இருந்து, கீழே எங்காவது புகை தெரிந்தால் மணி அடிக்க வேண்டும். பனியில் ஏது தீ என்று நீங்கள் கேட்பீர்கள். ஆபீஸில் யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு இடம். வேலையோடு குடியிருக்க ஒரு குகை. நோட்டீஸில் 'ஈரம் இல்லாத குகை' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது.

அந்த அடிக்கோட்டுக்காகத்தான் மாசானம் மனுப் போட்டான். மாசானம் ஒரு கீரி. ஓடைக்கரை வளையில் குடித்தனம். மழை பெய்தால் ஓடை வீட்டுக்குள் வந்துவிடும். வருஷா வருஷம் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் மேட்டுக்கு ஓடுவார்கள். இந்த ஐப்பசியில் கடைசிக் குட்டியைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நல்லவேளை, ஒரு வேரில் சிக்கிக் கிடந்தது. பிடித்து இழுத்தார்கள். அவன் பெண்டாட்டி பேச்சி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே போனாள். மரத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வந்தாள். அவன் முன்னால் வைத்தாள். அவ்வளவுதான்.

மனுப் போட்டவர்கள் இரண்டே பேர். இவனும், சடையாண்டி என்கிற கரடியும். கீழே தேனடைக்கெல்லாம் டோக்கன் முறை வந்துவிட்டதாம். வரிசையில் நிற்கப் பிடிக்காமல் சடையாண்டி மேலே போகப் பார்த்தான். இரண்டு பேரும் தேறிவிட்டால் வயதில் மூத்தவருக்கு வேலை என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். கரடிதான் மூத்தவன். ஆக, மாசானம் தேறினால் மட்டும் போதாது. கரடி தேறாமலும் இருக்க வேண்டும். கரடி ஏன் தேறாமல் போகப் போகிறான்? அதை நினைத்தே கீரி இரண்டு நாள் சாப்பிடவில்லை.

குளிருக்கு என்று ஆபீஸில் ஸ்லீப்பிங் பேக் கொடுத்தார்கள். பட்டாள மாடல். ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று. லேசான குளிருக்கு மெல்லிய பச்சை. கடுங்குளிருக்குத் தடித்த கறுப்பு. மழைக்கு மேலே ஒரு உறை. மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக நுழைத்து, அதற்குள் நாம் நுழைய வேண்டும். இவ்வளவையும் அமுக்கிக் கட்டுவதற்கு வார் வைத்த ஒரு சாக்கு வேறு. எல்லாம் ஒரே அளவு, கரடி அளவு. தைக்கக் கொடுத்த அன்றைக்கு அளவெடுக்கக் கரடிதான் அகப்பட்டான் போலிருக்கிறது.

சின்ன அளவு இருக்கிறதா என்று மாசானம் கேட்டுப் பார்த்தான். கவுண்டரில் இருந்த காட்டுப்பன்றி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"குளிர் என்ன, உனக்கு மட்டும் சின்ன அளவிலா அடிக்கும்?"

மாசானம் வாங்கிக்கொண்டு வந்தான். வாங்கிக்கொண்டு என்றால், உருட்டிக்கொண்டு.

கூடவே ஒரு படிவம். உச்சியில் போய்ச் சேரும்போது அதிகாரி பார்த்து நிரப்புவார். மூன்றே கேள்வி. ஸ்லீப்பிங் பேக் முழுத் தொகுதியும் இருக்கிறதா? வெளியே எதுவும் தொங்காமல் ஒரே பைக்குள் அடங்கியிருக்கிறதா? அந்தப் பை மனுதாரரின் முதுகில் இருக்கிறதா? பையை மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்லீப்பிங் பேக் கொடுக்கிற ஆபீஸ் அதைத் தூக்கப் பை கொடுக்காது. அது வேறு இலாகா.

அருவிக்குப் போகிற வழியில் வெள்ளையம்மா கடை. வெள்ளையம்மா ஒரு மந்தி. கிளைக்குக் கிளை பைகளைத் தொங்கவிட்டிருப்பாள். தொங்கும்போது எல்லாம் கொழுகொழுவென்று இருக்கும். உள்ளே காய்ந்த புல் அடைத்திருப்பாள். வீட்டுக்குக் கொண்டுபோனதும் பை இளைத்துவிடும். மற்றபடி நேர்மையான வியாபாரி.

பை எத்தனை லிட்டர் கொள்ள வேண்டும் என்று கேட்டாள். தண்ணீர் இல்லை, பஞ்சு, என்றான் கீரி. அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்பது லிட்டர் பை ஒன்றை இறக்கினாள். கறுப்பு ஸ்லீப்பிங் பேக் ஒன்றே அதைக் கழுத்துவரை நிரப்பிவிட்டது. மிச்சம் இரண்டும் தரையில் கிடந்து சிரித்தன.

அமுக்கிக் கட்டினால் சிறுத்துவிடும் என்று வரிசையில் நின்ற காட்டெருமை யோசனை சொன்னது. சொன்னதோடு விடவில்லை. சாக்கின் மேல் தானே உட்கார்ந்தது. வெள்ளையம்மா ஒரு பக்கம், கீரி ஒரு பக்கம், பல்லைக் கடித்துக்கொண்டு வாரை இழுத்தார்கள். பூசணிக்காய் மாதிரி உருண்டையாக வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எருமை எழுந்தது. வார் தெறித்தது. கறுப்பு ஸ்லீப்பிங் பேக் பாய்ந்து போய்க் கடையில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை உடைத்தது.

உருண்டையாக்கி வைத்தாலும் பைக்குள் சுற்றிலும் இடம் வீண்தான், அமுக்காமல் அடியில் திணித்தால் மூலை முடுக்கெல்லாம் போய் நிறையும் என்று வெள்ளையம்மா சொன்னாள். எருமை உட்காருவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அறுபத்தைந்து லிட்டர் பையில் அப்படித் திணித்துப் பார்த்தார்கள். மூன்றும் உள்ளே போயிற்று. வாய்வரை அதுதான். மேலே கொண்டுபோக வேண்டிய ஒரு வாரச் சாப்பாட்டை எங்கே வைப்பது? வெளியே கட்டினால் இரண்டாவது கேள்வியில் போய்விடுவான்.

அதற்குள் வரிசை நீண்டுவிட்டது. பின்னால் நின்ற ஆமை, பச்சையை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போ என்றது. முதல் கேள்வியில் போய்விடுவேனே என்றான் மாசானம். ஆமை அதைக் காதில் வாங்கவில்லை. தான் பிறந்ததிலிருந்து ஒரே பைதான் என்றும், இதுவரை மாற்றியதில்லை என்றும், இந்தக் காலத்து ஆட்களுக்கு எதிலும் திருப்தி இல்லை என்றும் அரைமணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆமையின் பைக்குள் ஆமையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் அரைமணி நேரம்.

வெள்ளையம்மா எண்பது லிட்டர் ஒன்றை எடுத்துக் காட்டினாள். அதில் எல்லாம் அடங்கியது. சாப்பாட்டுக்கும் இடம் இருந்தது. நின்று நின்று போனால் கீரியால் தூக்கவும் முடியும். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பின்னால், உச்சாணிக் கிளையில், நூற்றுப்பத்து லிட்டர் ஒன்று தொங்கியது. கரடிக்கென்று தைத்தது. இரும்புச் சட்டம் வைத்தது. சும்மா போட்டுப் பார்க்கிறேன் என்றான் மாசானம்.

போட்டான். ஆளைக் காணோம். பைக்குக் கீழே நாலு பாதமும் ஒரு மூக்கும் தெரிந்தன. இடுப்புவார் அவனை நாலு சுற்றுச் சுற்றியது.

வரிசையில் நின்ற முயல், "ஐயோ பாவம்" என்றது. காட்டெருமை ஓடிவந்து பையை ஒரு பக்கம் தாங்கிக்கொண்டது. ஆமை நகர்ந்து வழிவிட்டது. அந்தக் காட்டில் ஆமை யாருக்கும் வழிவிட்டு யாரும் பார்த்ததில்லை.

மாசானம் பைக்கு அடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தான். உதவ வந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டான்.

"அது உனக்கு வேண்டாம் தம்பி," என்றாள் வெள்ளையம்மா. "எண்பதே போதும். எல்லாம் கொள்ளும், நீயும் நடக்கலாம்."

"இதையே கொடுங்க அக்கா."

அவள் தலையில் அடித்துக்கொண்டு கொடுத்தாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினான். முதல் மேட்டில் மூன்று தடவை மல்லாந்து விழுந்தான். முதல் இரண்டு தடவை நிஜமாகவே விழுந்தது. மூன்றாவது தடவை, கீழே பாதையில் சீட்டியடித்துக்கொண்டு யாரோ வருகிற சத்தம் கேட்டது. கேட்ட பிறகுதான் விழுந்தான்.

சடையாண்டி வந்தான். முதுகில் எண்பது லிட்டர், அளவெடுத்து வைத்த மாதிரி. நடுவழியில் கிடந்த பெரிய பையைப் பார்த்து நின்றான்.

"யாருவே அது?"

"நான்தான் அண்ணாச்சி. மாசானம்."

"எங்கவே இருக்கே?"

"அடியில."

கரடி பையைப் புரட்டி அவனை எடுத்து நிறுத்தித் தூசி தட்டிவிட்டான். போட்டியாளன் ஆயிற்றே என்கிற நினைப்பெல்லாம் அவனுக்கு வரவில்லை. சிலர் அப்படித்தான். பையைக் கொடு, நான் கொண்டுவருகிறேன் என்றான். அது ஆகாது, பை என் முதுகில் இருந்தாக வேண்டும், படிவத்தில் இருக்கிறது என்றான் கீரி. கரடி உட்கார்ந்து யோசித்தான். அவனுக்கு யோசனை வர நேரம் ஆகும். வந்தது.

"நீ பையைச் சும. நான் உன்னைச் சுமக்கேன்."

கீரி வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னான். மெதுவாகத்தான் சொன்னான். அதற்குள் கரடி தன் பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொண்டான். கீரியை, பையோடு சேர்த்து, முதுகில் ஏற்றிக்கொண்டான்.

முன்னால் மாட்டிக்கொண்டான். கரடியின் பை இப்போது கரடியின் நெஞ்சில் இருந்தது. மாசானத்துக்கு மூன்றாவது கேள்வி ஞாபகம் வந்தது. சொல்லலாமா என்று வாயைத் திறந்தான். காற்று குளிராக இருந்தது. மூடிக்கொண்டான்.

நெஞ்சுப் பை மறைத்ததில் கரடிக்குக் கால் வைக்கிற இடம் தெரியவில்லை. மேலே இருந்து கீரி சொல்லிக்கொண்டே வந்தான், இடது பக்கம் கல், வலது பக்கம் பள்ளம் என்று. அந்த மட்டில் அவன் உதவியாகத்தான் இருந்தான். பேச்சுவாக்கில், உனக்கு எதுக்குவே இந்தக் குளிர்ல வேலை என்று கரடி கேட்டான். மாசானம் உண்மையைச் சொன்னான். வளை, ஓடை, வேரில் சிக்கிய குட்டி, பேசாத பேச்சி, எல்லாம். அதற்கப்புறம் கரடி இன்னும் வேகமாக நடந்தான்.

அதுதான் மாசானத்துக்குக் கொஞ்சம் சங்கடமாகப் போயிற்று.

உச்சியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் அதிகாரி உட்கார்ந்திருந்தார். இருவாச்சி. அலகு நீளத்துக்குக் கண்ணாடி நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. கரடி கோட்டைத் தாண்டினான். அவர் உடனே நேரத்தைக் குறித்தார்.

முதலில் கரடி. தொகுதி முழுதாக இருந்தது. ஒரே பைக்குள் இருந்தது.

"பை எங்கே இருக்கிறது?"

"இதோ ஐயா."

"அது நெஞ்சு."

கரடி கீழே குனிந்து பார்த்தான். முதுகில் இடம் இல்லாததால் அப்படி மாட்டியிருக்கிறது, இதோ மாற்றிவிடுகிறேன் என்றான். கோடு தாண்டியாயிற்று, நேரம் குறித்தாயிற்று, காரணம் எழுதப் படிவத்தில் இடம் இல்லை என்றார் இருவாச்சி. மாசானம் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து கீரி. இருவாச்சி கரடியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். தொகுதி, முழுது. பை, ஒன்று. வெளியே தொங்கல், இல்லை. பை இருக்கும் இடம், மனுதாரரின் முதுகு. மூன்று டிக் போட்டார்.

கரடிக்கு அப்போதுதான் ஏதோ புரிந்த மாதிரி இருந்தது.

"அவன் யார் முதுகுல இருக்கான்னு கேக்க மாட்டீங்களா ஐயா?"

"நாலாவது கேள்வி கிடையாது," என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

கரடி கீரியை மெதுவாக இறக்கி வைத்தான். கோபப்படுவான் என்று மாசானம் எதிர்பார்த்தான். பட்டிருந்தால் அவனுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். கரடியோ கீரியின் தோளில் இருந்த வார்த் தடத்தைத் தேய்த்துவிட்டு, குட்டிகளை நல்லாப் பாத்துக்கோ என்றான். கீரி தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு நிமிஷம் குனிந்திருந்தான்.

பிறகு கேட்டான்.

"அண்ணாச்சி, கீழதானே போறீங்க?"

மூன்றாம் நாள் சடையாண்டி மறுபடி மேலே வந்தான். ஸ்லீப்பிங் பேக்கை ஆபீஸில் திருப்பிக் கொடுத்துவிட்டதால் அவன் பை காலி. அதில் நாலு குட்டிகள், இரண்டு சட்டி. பேச்சி அவன் தோளில் உட்கார்ந்து வந்தாள். குகையைச் சுற்றிப் பார்த்தாள், தரையைத் தடவிப் பார்த்தாள், கை நனையவில்லை. அப்போதுதான் வாயைத் திறந்தாள். கரடியிடம், அண்ணே, விறகு கொஞ்சம் வேணுமே, என்றாள்.

சடையாண்டி இன்றைக்கும் நல்லவன்தான். தேனுக்கு வரிசையில் நிற்கிறான். யாராவது ஐயோ பாவமாக வந்தால் தன் இடத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போகிறான்.

நீதி: பை வாங்கும்போது உன் முதுகை அளக்காதே. அதைத் தூக்கப் போகிற நல்லவனின் முதுகை அளந்து வாங்கு.