தலைவர் உட்கார்ந்த நாற்காலி

பொய் சொன்னது நான் ஒருத்தன் இல்லை மாப்பிள்ளை, மொத்த டெப்போவும். அதை முதலில் மனசில் வாங்கிக்கொள். நேற்று போனில் இதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் நீ பட்டென்று வைத்துவிட்டாய். போனை வைத்துவிடலாம், கடிதத்தை என்ன செய்வாய்? கிழித்தாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா.

இரு, முறைப்படி ஆரம்பிக்காவிட்டால் எழுத மாட்டேன் என்று உன் அக்கா பேனாவை மூடிவிட்டாள். என் கையெழுத்து எனக்கே விளங்காது என்பதால் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். ஆகவே:

கோபத்திலும் குறையாத அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் அக்காவைக் கட்டிய ஒரே தகுதியால் அத்தான் என்ற பட்டம் பெற்றவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அவளும் சுகம், என் முழங்கால் மட்டும் சுகமில்லை. உங்கள் சுகத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. நேற்று கத்திய கத்தலிலேயே தொண்டை, நுரையீரல், ரத்த ஓட்டம் எல்லாம் கல்லு மாதிரி இருப்பது தெரிந்துவிட்டது. போதுமா முறை? இனி வா, போ என்றுதான் பேசுவேன்.

நீ இங்கே டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிடையர் ஆகி மகன் வீட்டுக்குப் போன பிறகு நடந்த கதை இது. நம் டெப்போவில் பஸ் கழுவுகிற இடத்துக்குப் பின்னால் ஓய்வறை இருக்கிறதே, ரிடையர் ஆன டிரைவர் கண்டக்டர் எல்லோரும் காலையில் வந்து உட்கார்ந்து சாயங்காலம் எழுந்து போகிற அறை, பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத புது டிரைவர்களை ஜன்னல் வழியாகத் திட்டுவதற்கென்றே கட்டின அறை, அதைப் புது மேனேஜர் கேட்டார். பழைய டயர் வைக்க இடமில்லையாம், சனிக்கிழமைக்குள் காலி பண்ண வேண்டுமாம். நாங்கள் கூட்டமாகப் போய்க் கெஞ்சினோம். மனுஷன் கோபப்படக்கூட இல்லை. "பெரியவங்களே, நீங்க வீட்டுல போய் உட்காரலாம். டயருக்கு வீடு இல்லையே" என்றார். அதில் நியாயம் இருந்ததுதான் எரிச்சல். வீட்டில் உட்காரலாம், சரி, உன் அக்கா உட்காரவிடுவாளா? (தம்பி, இந்த வரியையும் எழுதினேன் பார், அது என் பெருந்தன்மை. அக்கா.)

எனக்காவது தப்பித்து ஓட ஒரு மாடிப்படி இருக்கிறது. நம் கியர்பாக்ஸை நினைத்துப் பார். அடிவயிற்றிலிருந்து கியர் மாற்றுகிற மாதிரி இருமுவானே, அவன்தான். மகன் வீட்டில் அவன் கட்டில் இருந்த இடத்தில் இப்போது மருமகளின் தையல் மெஷின் நிற்கிறது, ராத்திரி படுக்க மட்டும்தான் அங்கே அவனுக்கு இடம், பகல் பூராவும் இந்த அறைதான். அன்றைக்கு மேனேஜரிடமிருந்து வெளியே வந்தபோது அவன் இருமவே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் ஒரு காலத்தில் நாட்டையே ஆண்ட தலைவர் காலமானார். உன்னைத் தவிர இந்த ஊரில் அவரைப் பற்றி நல்ல வார்த்தை பேசினவன் யார் சொல்லு. நம் ஞாயிற்றுக்கிழமை லீவைப் பிடுங்கினவர் என்று டெப்போவே கரித்துக்கொட்டியது. எதைக் கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டார் என்று அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்ததே அந்த அறையில்தான், வைத்ததும் நான்தான். தேர்தலில் அவர் தோற்ற அன்றைக்கு நாங்கள் ஹாரன் அடித்துக் கொண்டாடினோம், நீ மட்டும் சாப்பிடாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். அப்பேர்ப்பட்ட மனுஷன் கண்ணை மூடினார், டிவியில் சொன்னார்கள், அவ்வளவுதான், மத்தியானத்துக்குள் ஊமைக்கோட்டான் அமைதியின் சிகரம் ஆகிவிட்டார். அந்த நேரம் பார்த்து நான் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் பாதித் தலையை வெட்டிவிட்டுக் கத்திரியைக் கீழே வைத்து, மனசு கேட்கவில்லை என்று கடையை மூடிவிட்டார். இதே ஆள்தான் அந்தத் தலைவர் நாட்டையே மொட்டையடித்துவிட்டார் என்று சொல்லிச் சொல்லி ஊரில் பாதிப் பேருக்கு முடி வெட்டியவர். நான் பாதித் தலையை மறைக்கத் தொப்பி போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து தெருவில் வந்தால், அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு ஆளாளுக்கு என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்கிறார்கள். டீக்கடைக்காரர் மரியாதைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மீதிப் பாதி வழியாக வியாபாரம் பண்ணினார். எல்லோரும் குனிந்துதான் டீ வாங்க வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஊரே தலைவருக்குத் தலைவணங்குகிற மாதிரி அவ்வளவு அழகு.

மறுநாள் டெப்போவில் இரங்கல் கூட்டம். ரெண்டு பஸ்ஸுக்கு நடுவில் சின்ன மேடை, பெரிய படம், பூ, மெழுகுவத்தி, மைக். மேனேஜர் தன் போனைப் பார்த்துப் படித்தார். ஈடு செய்ய முடியாத இழப்பு என்று படித்த இடத்தில் போன் அடித்தது, எடுத்து அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு இழப்பை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பிறகு மூத்தவர்கள் யாராவது ரெண்டு வார்த்தை பேசலாம் என்றார். தொப்பியோடு நான்தான் அதிகத் துக்கத்தில் இருப்பவன் மாதிரி தெரிந்தேனாம், முன்னால் தள்ளிவிட்டார்கள். (இனிமேல் நான் திருத்தி எழுதப் போவதில்லை, கை வலிக்கிறது. அவர் பேசுவது பேசுகிற மாதிரியே வரும். அக்கா.)

நல்லதாப் போச்சு. கேளு மாப்பிள்ளை. பெரிய மனுஷர், போயிட்டார், வணக்கம்னு சொல்லி இறங்கிடலாம்னுதான் படியில ஏறினேன், சத்தியமா. ஏறி நின்னா எல்லார் தலைக்கும் மேல எனக்கு என்ன தெரியுது? நம்ம அறை. வாசல்ல டயர் வந்து இறங்கிடுச்சு. அந்த டயர் மேல கியர்பாக்ஸ் உட்கார்ந்திருக்கான், ஸ்கூல் விட்டும் யாரும் கூப்பிட வராத குழந்தை மாதிரி. அதைப் பார்த்ததும் என் நாக்கு என்னைக் கேக்காமலே கிளம்பிடுச்சு.

"தலைவர் நம்ம ஓய்வறைக்கு வந்திருக்கார்."

சொல்லிட்டேன். அப்புறம் நிறுத்த முடியுமா, பிரேக் இல்லாத வண்டி. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு மழை நாள், கேட்டுக்கு எதிர்ல அவர் கார் ரேடியேட்டர் கொதிச்சு நின்னுபோச்சு, சத்தமில்லாம நடந்து வந்தார், நாற்காலியில உட்கார்ந்தார், தண்ணி குடிச்சார், ஒரு வார்த்தை பேசலை. அங்கதான் என் சாமர்த்தியத்தைப் பாரு, பேசலைன்னு சொன்னா அவரைத் தெரிஞ்ச எவன் மறுப்பான்? கிளம்பும்போது மட்டும் சுத்திப் பார்த்து, நல்ல அறைன்னார், அவ்வளவுதான்னு முடிச்சேன்.

யாராவது ஒருத்தர் சிரிச்சிருந்தாக்கூட விளையாட்டுக்குச் சொன்னேன்னு இறங்கியிருப்பேன். ஒருத்தரும் சிரிக்கலை. டயர் மேலேருந்து ஒரு இருமல் வந்தது. கியர்பாக்ஸ் எழுந்து நிக்கறான், கண்ணுல பொலபொலன்னு தண்ணி. "அன்னைக்குத் தண்ணி குடுத்தது நான்தான்" அப்படிங்கறான். மாப்பிள்ளை, அந்தக் கண்ணீர் நிஜம், அந்தத் தண்ணிதான் பொய்.

அதுக்கப்புறம் மடை திறந்த மாதிரிதான். ரேடியேட்டரைச் சரி பண்ணினது தான்தான்னு பழைய மெக்கானிக் வந்தார், தலைவர் தோள்ல தட்டிக் குடுத்தாராம், எந்தத் தோள்னு கேட்டா ரெண்டையும் காட்டறார். பெருக்கற அம்மா, தரை ஈரமா இருந்ததால அவர் ஓரமா நடந்தார், அந்தப் பண்பு யாருக்கு வரும்னு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. ஸ்டோர் கிளார்க் அப்போ பிறக்கவே இல்லை, ஆனா அவங்க அப்பா குடை பிடிச்சாராம். கேஷியர்தான் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டார், தலைவர் அவர் காதுல மட்டும், ஞாயித்துக்கிழமை லீவை எடுத்தது தப்புதான்னு சொன்னாராம். ஆயுசு முழுக்கப் பேசாத மனுஷனை அரை மணி நேரத்துல அத்தனை பேச வெச்சுட்டாங்க. நான் பெத்த பொய்தான், ஆனா வளர்ந்து என்னையே அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தது.

எப்படித் தெரிஞ்சதோ, டிவிக்காரப் பொண்ணு கேமராவோட வந்துட்டா. எந்த நாற்காலின்னு கேட்டா. கை உடைஞ்ச மர நாற்காலின்னு கியர்பாக்ஸ், இரும்பு நாற்காலின்னு மெக்கானிக், ரெண்டு பேரும் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு வெளிச்சம் நல்லா விழற நாற்காலியைக் காட்டி இதுவா இருக்கட்டுமேன்னா, ரெண்டு பேரும் ஆமா ஆமா இதேதான்னாங்க. அப்பதான் மாப்பிள்ளை மேனேஜர் மைக் முன்னாடி வந்தார். போன மாசம்தான் மாற்றலாகி வந்த ஆள். தொண்டையைக் கனைச்சுக்கிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "நான் இந்த டெப்போவுக்கு மாற்றல் கேட்டு வந்ததே இந்த அறைக்காகத்தான்." சொல்லிட்டு, தலைவர் கால் பட்ட இடத்துல டயரைப் போட்டது எவன்டான்னு சத்தம் போட்டார். போடச் சொன்னவர் அவர். கேமரா பார்க்கப் பார்க்கத் தானே ஒரு டயரைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கினார், வெள்ளைச் சட்டை பூரா கருப்பு, அதையும் துக்கச் சின்னம்னு டிவியில சொன்னாங்க.

ஜெயிச்சுட்டோம் மாப்பிள்ளை. கோர்ட்டு இல்லை, ஸ்டிரைக் இல்லை, மனு இல்லை. இத்தனை வருஷ சர்வீஸ்ல டெப்போவுக்கு எதிரா நாம ஜெயிச்சது இது ஒண்ணுதான், அதுவும் நம்ம ஊமைக்கோட்டான் தயவுல. அன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் உள்ள உட்கார்ந்து ஜன்னலைத் திறந்து வெச்சு, ரிவர்ஸ் எடுத்த முதல் பஸ்ஸை வாய் நிறையத் திட்டினோம். கியர்பாக்ஸ் இருமினான் பாரு, டாப் கியர்ல.

இதை டிவியில பார்த்துட்டுதான் நீ போன் பண்ணினே. அவர் போன ஊரெல்லாம் உனக்கு மனப்பாடம், இந்த ஊருக்கு அவர் வந்ததே இல்லைன்னே. உண்மை. "செத்தவர் மறுத்துப் பேச மாட்டார்ங்கற தைரியமா அத்தான்?"னு கேட்டே. உசுரோட இருந்தப்பவே அவர் எதையும் மறுத்துப் பேசினதில்லையே மாப்பிள்ளை, அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வெச்சுட்டே. பத்திரிகைக்கு எழுதி என் மானத்தை வாங்கறேன்னு வேற சொன்னே. ஒரு சொட்டுப் பொய் கலக்காத பரிசோதகர்னு பேர் எடுத்தவன் நீ, சொந்த அக்காவையே டிக்கெட் இல்லைன்னு பாதி வழியில இறக்கி விட்டவன், எழுதினாலும் எழுதுவே.

எழுதாதே. உன் கோபம் எதுல இருக்குன்னு எனக்குத் தெரியும். அவருக்காக நீ ஒருத்தன் எங்க எல்லார்கிட்டயும் கிண்டல் வாங்கினே, அதுல பெரும்பங்கு என்னோடது. இப்போ அழறதுக்குன்னு ஊரே வந்து முன்வரிசையில இடம் பிடிச்சுக்கிட்டா, நிஜமா அழ வேண்டியவன் நிக்க இடமில்லாமப் போயிட்டான். அதுக்காகத்தான் சொல்றேன், கிளம்பி வா. அந்த நாற்காலியில இதுவரைக்கும் யாரும் உட்காரலை. நீ வந்து உட்காரு. தலைவர் வராத குறையை நீ தீர்த்து வை. (இந்த இடத்தில் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், தம்பி. அக்கா.)

உன் மகன், மருமகள், பேத்தி எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கட்டும், உன் கோபம் மட்டும் நாளைக்கே போய்ச் சேரட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
வெற்றி வீரன் அத்தான்.

பின்குறிப்பு: கவரை ஒட்டி எடுத்துக்கிட்டுத் தபால் ஆபீசுக்குப் போற வழியில அறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். திரும்ப வந்து கவரைப் பிரிச்சு இதை எழுதச் சொல்றேன். அறையைப் பார்க்க வெளியாள் வர ஆரம்பிச்சுட்டாங்களாம், கூட்டத்தைக் கட்டுப்படுத்தணும்னு மேனேஜர் வாசல்ல போர்டு மாட்டிட்டார்: தலைவரை நேரில் கண்ட சாட்சிகள் மட்டும் உள்ளே அமரலாம். தண்ணி குடுத்த கியர்பாக்ஸ் உள்ள. தோள்ல தட்டு வாங்கின மெக்கானிக் உள்ள. ரகசியம் கேட்ட கேஷியர் உள்ள. நான் ஒருத்தன்தான் கதை சொல்ற அவசரத்துல அதுல எனக்குன்னு ஒரு வேலையும் வெச்சுக்காம விட்டுட்டேன். நீங்க எங்க இருந்தீங்கன்னு மேனேஜர் என்னைக் கேக்கறார். நான் கியர்பாக்ஸைப் பார்க்கறேன். அவன் நிதானமா யோசிச்சு, "பாவம், அன்னைக்கு இவர் லீவுல இருந்தார்" அப்படிங்கறான். ஜன்னலுக்கு வெளியில நின்னு பார்த்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. பக்கத்துல டயர் எல்லாம் மழையில நனையுது, நானும் நனைஞ்சேன். அதனால மாப்பிள்ளை, மேல எழுதினதையெல்லாம் மறந்துடு. பத்திரிகைக்கு உடனே எழுது. உன் வார்த்தையை ஊரே நம்பும். தலைவர் வந்த அன்னைக்கு அத்தானும் அங்கதான் இருந்தார், என் ரெண்டு கண்ணால பார்த்தேன், தலைவருக்கு நாற்காலியைத் துடைச்சுப் போட்டதே அவர்தான், அந்தக் கியர்பாக்ஸ்தான் அன்னைக்கு லீவு, அப்படின்னு போடு, அப்புறம் மேனேஜர் பேருக்கு ஒரு காப்பி, அதுல முக்கியமா

(தம்பி, பேனாவை வைத்துவிட்டு நான் எழுந்து போகிறேன். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது. நீ ஒன்றும் எழுத வேண்டாம். அவர் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அக்கா.)