ஆஸ்கர் மீனுக்கு நான் ஒட்டிய செக்‌ஷீட்

எனக்குக் கோபம் வரும். இதை ஒப்புக்கொள்வதற்கே கோபமாக வருகிறது. ஆனால் உள்ளங்கை நீள மீன் ஒன்றின் மேல் நாலு நாள் விடாமல் கோபப்பட்ட ஆள் இந்த ஓசூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கோவில்பட்டியிலிருந்து வந்து மத்திகிரியில் வாடகை வீடு பிடித்த புதிது. மகள் யாழினிக்கு எட்டு வயது. புதுப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் கன்னடமும் தெலுங்கும் பேச, இவள் வாயே திறக்கவில்லை. டிபன் பாக்ஸையும் திறக்கவில்லை. சோறு தினமும் அப்படியே திரும்பி வந்தது. ஒரு துணை இருந்தால் தேறுவாள் என்று, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஆஸ்கர் மீன் ஒன்று வாங்கினேன்.

"புது எடம், பயந்துக்கும் சார். லைட்டை அணைச்சிட்டு சும்மா வுடுங்க. ரெண்டு மூணு நாள் தின்னாது" என்றார் கடைக்காரர்.

(சும்மா விடுவதா? குவாலிட்டி இன்ஸ்பெக்டரிடமா சொல்கிறீர்?) எங்கள் கம்பெனி லைனில் ஒரு பாகம் ரிஜெக்ட் ஆனால் பரிசோதனையை இரட்டிப்பாக்குவோம். மீன் முதல் வேளை தின்னவில்லை. இரட்டிப்பாக்கினேன். தொட்டியில் செக்‌ஷீட் ஒட்டினேன். காலை ஏழு: தின்னவில்லை. ஏழரை: தின்னவில்லை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும், மினுங்கும் மஞ்சள் பாதுகாப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் டார்ச்சோடு எதிரே போய் நிற்பேன். அது தொட்டிக்குள் போட்ட பானை ஓட்டுக்குப் பின்னால் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும். போட்ட இறாலெல்லாம் அழுகி வீடே நாறியது.

நாலாம் நாள் ஒருக்களித்துப் படுத்துவிட்டது.

"செத்துருமாப்பா?" என்று யாழினி அழுதாள்.

"தின்னு தொலையேன், மூதேவி!" என்று கண்ணாடியைத் தட்டினேன். கடைக்காரரைப் போனில் பிடித்து, நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டாய் என்று கத்தினேன்.

"ஆஸ்கர் அப்படித்தான் சார், கோச்சிக்கினா படுத்துக்கும். நீங்க எதிர்லயே நிக்கிறீங்களா?"

"பின்னே?"

"எட்டப் போங்க சார்."

போனை வைத்த கோபத்தில் யாழினியின் டிபன் பாக்ஸைத் திறந்தேன். முழுச் சோறு. "இதையாவது என் கண்ணு முன்னால தின்னு!" என்று அவள் எதிரே நின்றேன்.

அவள் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க இப்படி நின்னு பாத்தா எனக்கும் எறங்க மாட்டேங்குதுப்பா."

"கேட்டீங்களா?" என்றாள் என் மனைவி கோமதி. "மொதல்ல அந்தக் கோட்டக் கழத்திப் போட்டுட்டு வெளிய போங்க."

வாசலில் போய் நின்றேன். கோபம் அப்போதும் வந்தது, என் மேல். இத்தனை நாளும் பள்ளியில் யாருமில்லாமல் உட்கார்ந்த பிள்ளையிடம், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேனே தவிர, பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

உள்ளே விளக்கை அணைத்தார்கள். யாழினி தட்டோடு தொட்டிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தொட்டியில் 'லபக்' என்று ஒரு சத்தம், அவள் சிரிப்பு. நான் ஓடினேன்.

"உள்ள வராதீங்க!" என்று இருவரும் சேர்ந்து கத்தினார்கள். தட்டில் பாதி காலி.

இன்று அந்த மீன் தோசைக்கரண்டி நீளம். போன வாரம் கம்பெனி மேனேஜர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். நான் பக்கத்தில் நின்று அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"அப்பா, கோட்டு!" என்றாள் யாழினி.

மேனேஜர் குழம்பிப்போய்த் தன் சட்டையைத் தடவிப் பார்த்தார். நான் அன்று போட்டிராத கோட்டைக் கழற்றுவதற்காக வாசலுக்குப் போனேன்.