எங்கே விழுந்தோம்?

மூடுபனியைக் கண்டால் எனக்குப் புத்தி மந்தமாகிவிடும். கல்யாணமான இரண்டாம் மாதம் இது என் மாமனாருக்குத் தெரியவந்தபோது, அவருடைய வலது கால் உடைந்திருந்தது.

அவருடைய பைக்கில் அவரையே பின்னால் உட்காரவைத்து, போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஓட்டிப் போனேன். (“மலையில ஓட்டுவீங்களா மாப்ளே?” என்று கேட்டிருந்தார். புது மாப்பிள்ளை வேறென்ன சொல்வான்?) போடிமெட்டுக்குச் சற்றுக் கீழே, தார்ச்சாலையை விட்டுத் தோட்டத்து மண்பாதையில் திரும்பியதும் பனி இறங்கியது. மரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. வண்டி ஓடுகிறதா மிதக்கிறதா என்றே தெரியவில்லை. ஏலச்செடிகள் மட்டும் மெல்ல எங்களைக் கடந்துபோயின. அப்படியே மிதந்துபோய், ஒரு வளைவில் வளையாமல் ஓடைக்குள் இறங்கினேன். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. (வீட்டில் அதை இன்னும் யாரும் மன்னிக்கவில்லை.)

ஆம்புலன்சுக்கு அடித்தேன். என் போன் எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருந்தது. “எவிடெயாணு?” என்று ஒரு பெண் மலையாளத்தில் கேட்டார். மலையில் ஒரே பனி என்று சொல்ல, தெரிந்த மலையாளத்தையெல்லாம் திரட்டி, “மல... மஞ்ஞு...” என்றேன்.

“மஞ்ஞு இவிடெயும் உண்டு,” என்றார் அவர், பொறுமையாக.

“மாப்ளே,” என்றார் கீழே கிடந்த மாமா. “எங்க விழுந்தோம்னுதான் கேக்குறாங்க. எப்பிடி இருக்குன்னு கேக்கல.”

அந்தப் பெண் இணைப்பைத் தமிழ்நாட்டுப் பக்கம் மாற்றிக் கொடுத்தார். அங்கே மறுபடி முதலிலிருந்து. “எத்தனாவது வளைவு சார்?” நான் எண்ணவில்லை. மாமாவோ, நான் ஓட்டிய லட்சணத்தில் கண்ணை மூடிக்கொண்டே வந்தாராம். அவர்கள் திரையில் என் போன் கேரளத்துக்குள் நின்றது.

வெகுநேரம் கழித்துச் சைரன் கேட்டது. தார்ச்சாலையில் மேலே போனது, பிறகு கீழே வந்தது, கூட்டைத் தவறவிட்ட பறவைபோல. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. திரும்பிப் பார்த்தேன். மாமா பேச்சை நிறுத்தியிருந்தார். உதடு வெளுத்து, உடம்பு நடுங்கியது. அப்போதுதான் எனக்குப் பனி கலைந்தது. சட்டையைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டு, கத்திக்கொண்டே சாலைக்கு ஓடி ஆம்புலன்சை மறித்தேன். பின்னாலேயே தோட்ட வேலைக்குப் போகும் பெண்களோடு ஒரு ஜீப்பும் வந்து நின்றது.

டிரைவர் என் வெற்று மார்பை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கதான் பேசண்டா?”

“இல்லண்ணே. நான் பேசண்டத் தள்ளிவிட்ட ஆளு.”

ஜீப்புக்குள் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

கால் கூடிவிட்டது. அந்தப் பெண்கள் அந்த இடத்துக்கு ‘மாப்பிள்ளை வளைவு’ என்று பெயர் வைத்தார்கள். மாமா அதை இரண்டு மொழியிலும் எழுதிப் பலகையாக நட்டார். என் மனைவி, கட்டியவன் என்றும் பாராமல், போன் வரைபடத்திலும் ஏற்றிவிட்டாள்.

போன மழைக்காலத்தில் அங்கே வேலை செய்த ஒரு பெண்ணைக் குளவிக் கூட்டம் கொட்டி, அவள் மயங்கி விழுந்தாள். கூட இருந்தவர்கள் போனில் அந்தப் பெயரை மட்டும் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் நேராக வந்து நின்றது.

பிழைத்து வந்தவள் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். “நீங்க மட்டும் அங்க விழுகலேன்னா என் கதி என்ன ஆயிருக்கும்ண்ணே,” என்றாள்.

மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார். “அந்தப் பாதையில இன்னும் நாலு வளைவுக்குப் பேரு இல்ல மாப்ளே,” என்றார்.