கண்ணைக் கட்டிக்கொண்டு வந்த சம்பந்தி

உ

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
16-2-1970

ஜபல்பூரில் சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் அன்புள்ள மாப்பிள்ளை ஏகாம்பரம் அவர்களுக்கு, மாமனார் கைலாசம் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. கலாவதி சௌக்கியம். குழந்தை சௌக்கியம், இப்போது குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். உங்கள் மாமியார் கிருஷ்ணம்மாளும் என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறாள். உங்கள் க்ஷேமத்துக்குத் தினமும் காமாட்சியை வேண்டிக்கொள்கிறோம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பங்குனி உத்திரத்துக்கு லீவு கிடைத்தும், "அப்பாவும் நீங்களும் பேசிக்கொள்ளாத ஊருக்கு வந்து யார் வீட்டு வாசலில் பெட்டியை வைப்பது? லீவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். கலாவதி அதைப் படித்துவிட்டு, மடித்துக் குழந்தையின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்த பாத்திரம். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. லீவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்திருந்தால் எப்படியாவது திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

சண்டையைப் பற்றி நீங்கள் இரண்டு பக்கமும் கேட்டிருப்பீர்கள். என் பக்கம்தான் சரியான பக்கம் என்பதால் அதை மட்டும் மறுபடி எழுதுகிறேன். ஆனி மாதம் கலாவதியின் சீமந்தத்துக்கு நானே மூன்று வாரம் தறியில் உட்கார்ந்து, அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு பட்டுப் புடவை நெய்தேன். உங்கள் அப்பா முனிரத்தினம் அவர்கள், வந்திருந்த அத்தனை ஜனமும் பார்க்க, அதைத் தட்டிலிருந்து எடுத்து, உடலும் கரையும் சேருகிற கோர்வையை விரலால் தடவி, "ரெண்டு இடத்துல தளர்ந்துக்கினு இருக்குதே சம்பந்தி" என்றார். நாற்பது வருஷமாக நெய்கிறவனைப் பார்த்து! அந்தக் கோர்வையில் ஒரு குறையும் இல்லை, எந்தச் சன்னதியில் வேண்டுமானாலும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வேன். நான் மரியாதையாகத்தான், "கண்ணுல புரை வுழுந்தா அப்படித்தான் தெரியும், நல்லா தொடச்சிக்கினு பாருங்க" என்றேன். அதற்கு அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தக் கண்ணால இனிமே உங்க வூட்டு வாசலைப் பாக்கறதில்ல" என்று சொல்லிவிட்டுப் பாயசம்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அன்றிலிருந்து எட்டு மாதமாகப் பேச்சு இல்லை. குழந்தை பிறந்தே ஐந்து மாதம் ஆகிறது. பெயர் வைக்க வேண்டிய தாத்தா வராததால் பெயரும் இல்லை. அம்மை குத்த வந்த நர்ஸ் பெயர் கேட்டபோது உங்கள் மாமியார் "பாப்பா" என்றாள். "முழுப் பேர் சொல்லுங்கம்மா" என்று அந்த நர்ஸ் கேட்டதும் கலாவதி உள்ளே போய்விட்டாள்.

இந்த நிலைமையில்தான் நம் நெசவாளர் சங்கத்துக்கு மெட்ராஸிலிருந்து தணிகாசலம் என்று ஒரு பிள்ளையாண்டானை மூன்று நாள் பயிற்சி நடத்த அனுப்பினார்கள். நாங்கள் பன்னிரண்டு பேர் ஒன்றாக உட்கார்ந்து யோசித்துப் புது டிசைன்கள் போட்டுத் தர வேண்டுமாம். ஆனால் இந்தச் சங்கத்துக் கூட்டத்தில் பாதிப்பேர் தூங்குகிறார்கள், மீதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று மேலே யாரோ எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. தூங்குவது உண்மை. முகத்தைத் திருப்பிக்கொள்வது நானும் உங்கள் அப்பாவும் மட்டும்தான். அந்தப் பிள்ளை காலை ஏழு மணிக்கே எங்களை வரச்சொல்லி, விசிலை ஊதி, "டிசைன் அப்புறம். முதல்ல பத்து நிமிஷம் விளையாட்டு. விளையாடினா சுறுசுறுப்பு வரும், மனசு திறக்கும், கற்பனை தானா ஓடும், எல்லாரும் ஒரே டீம் ஆயிடுவீங்க" என்றான். எங்களில் வயதில் சின்னவருக்கே நாற்பத்தைந்து.

முதல் நாள் நாற்காலி ஆட்டம். பன்னிரண்டு பேருக்குப் பதினோரு நாற்காலி போட்டு, அவன் தாம்பாளத்தைத் தட்டத் தட்ட நாங்கள் சுற்றி வர வேண்டும், நிறுத்தியதும் பாய்ந்து உட்கார வேண்டும். நிறுத்தினான். ஒருவரும் உட்காரவில்லை. "நீ உக்காருபா", "பெரியவங்க நீங்க நிக்கறப்போ நான் எப்படி உக்கார்றது?" என்று பன்னிரண்டு பேரும் உபசாரம் செய்துகொண்டே நின்றோம். கடைசியில் எல்லோருக்கும் மூத்தவர் கால் வலிக்கிறதென்று தரையில் உட்கார, அவர் தரையில் இருக்கும்போது நாம் மேலே உட்காரலாமா என்று மற்றவர்களும் தரையில் உட்கார்ந்தோம். களைத்துப்போன தணிகாசலம் மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். ஆக, அந்த ஆட்டத்தில் அவனே ஜெயித்தான்.

இரண்டாம் நாள் ஒரு பெரிய காகிதத்தைச் சுற்றுக்கு விட்டு, ஆளுக்கு ஒரு கோடு போட்டு எல்லோருமாக ஒரு பறவை வரையச் சொன்னான். காகிதம் உங்கள் அப்பாவிடம் போனபோது இடது பக்கத்தில் அழகாக ஒரு மூக்கு வரைந்தார். அடுத்தது என் முறை. அவர் வரைந்ததை நான் பார்ப்பேனா? கையால் அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டு வலது பக்கத்தில் இன்னொரு மூக்கு வரைந்தேன். முடிவில் வால் போட இடமே இல்லாமல், இரண்டு பக்கமும் மூக்கு வைத்த ஒரு பறவை வந்து சேர்ந்தது. "இது எந்தப் பக்கம் பறக்கும் சார்?" என்று தணிகாசலம் கேட்டான். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன், உங்கள் அப்பா வாசல் பக்கம் பார்த்தார்.

மூன்றாம் நாள்தான் விஷயம். இரண்டிரண்டு பேராகச் சீட்டுக் குலுக்கினான். ஒருவர் கண்ணைத் துண்டால் கட்டிவிடுவான். மற்றவர் அவரைத் தொடக்கூடாது, வாயால் மட்டும் வழி சொல்லி, பெஞ்சுகளுக்கு நடுவில் நடத்திக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டிவர வேண்டும். நடுவில் துண்டை அவிழ்த்தால் இரண்டு பேருக்கும் தோல்வி. காமாட்சியே கையை விட்டு எடுத்தாளோ என்னவோ, எனக்கு வந்த சீட்டில் உங்கள் அப்பா பெயர். சங்கத்தில் அன்றைக்கு ஒருவரும் தூங்கவில்லை.

எட்டு மாதமாகப் பேசாத மனிதருக்கு எப்படி வழி சொல்வது? பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்து, "தூணே, முன்னால ஒரு பெஞ்சு இருக்குது. நடக்கறவங்க பாத்து நடந்தா நல்லது" என்றேன். உங்கள் அப்பா கண் கட்டியிருந்தும் தூண் இருக்கும் திசைக்குச் சரியாக முகத்தைத் திருப்பி, "தூணே, பாக்கக்கூடாதுன்னுதான் கண்ணையே கட்டியிருக்குது, அதுகூடவா சொல்றவங்களுக்குத் தெரியல?" என்றார். நான் பொறுத்துக்கொண்டு, "தூணே, இப்ப சோத்தாங்கை பக்கம் திரும்பணும்" என்றேன். "தூணே, பொறந்து வளந்த ஊர்ல எனக்கு யாரும் வழி சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டு அவர் நேராக நடந்தார். நேராக இருந்தது வாசற்கதவு. "சார், ஆட்டம் உள்ளேதான் சார்!" என்று தணிகாசலம் விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தான். துண்டை அவிழ்த்தால் தோல்வி. உங்கள் அப்பா எதில்தான் தோற்க ஒப்புக்கொண்டிருக்கிறார்? தெருவில் இறங்கிவிட்டார். தூண் உள்ளேயே நின்றுவிட்டது. நான் விளக்குக் கம்பத்திடம் சாக்கடையைப் பற்றிச் சொன்னேன், தெருக் குழாயிடம் மாட்டைப் பற்றிச் சொன்னேன். பின்னால் சங்கமே ஊர்வலமாக வந்தது.

முனையில் தையல்நாயகி வீட்டார் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு நீட்டியிருந்தார்கள். நாலு புடவைக்கான இழைகள் இடுப்பு உயரத்தில் விறைப்பாக நிற்கின்றன. உங்கள் அப்பா அதைப் பார்த்து வீறுநடை போடுகிறார். நான் சுற்றிப் பார்த்தேன், கம்பம் இல்லை, குழாய் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. மனுஷன் விழுந்தால் எழுந்து நின்றுகொள்வான் மாப்பிள்ளை, அறுந்த பாவு என்ன செய்யும்? "சம்பந்தி, நில்லுங்க! பாவு!" என்று கத்திவிட்டேன். தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார்.

"யாரு பாவு?" என்றார். எட்டு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"தையல்நாயகி வூட்டுது."

"அறுந்துச்சா?"

"இல்ல, இன்னும் ஒரு முழம் இருக்குது."

"ஒரு முழம் இருக்கறப்பதான் சொல்றதா? முன்னாலியே சொன்னா இன்னா?"

"இங்க தூண் இல்லியே சம்பந்தி."

அவர் மீசை அசைந்தது. சிரிப்பா கோபமா என்று கண்ணைப் பார்த்தால்தான் தெரியும், கண் துண்டுக்குள் இருந்தது. ஆனால் காலை மெதுவாகக் கீழே வைத்து, "சரி, வழிய சொல்லுங்க" என்றார்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன், தப்பென்றால் மன்னிக்க வேண்டும். வலது பக்கம் திரும்பிச் சுற்றிக்கொண்டு போனால் சங்கம். இடது பக்கம் மூன்றாவது வீடு நம் வீடு. "பீச்சாங்கை பக்கம் திரும்புங்க" என்றேன். பின்னால் வந்தவர்கள் ஒரு சத்தமும் போடவில்லை. தணிகாசலம்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டான். உங்கள் அப்பா கொஞ்சம் நின்றார், பிறகு இடது பக்கம் திரும்பினார். வாசலுக்கு வந்ததும், "படி இருக்குது, ஏறணும்" என்றேன்.

"எத்தினி?"

"மூணு."

"ரெண்டுதானே?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"ஐப்பசி மழைக்கப்புறம் கீழ ஒண்ணு கட்டனோம்" என்றேன். யார் வீடு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று படியும் ஏறி உள்ளே வந்துவிட்டார். அந்தக் கண்ணால் வாசலைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளை. சொன்ன சொல் தவறாதவர் உங்கள் அப்பா.

உங்கள் மாமியார் கரண்டியும் கையுமாக வந்து அப்படியே நின்றுவிட்டாள். அன்று பார்த்துப் பெட்டியில் இருந்த பட்டுகளை எடுத்துக் கொடியில் காற்றாடப் போட்டிருந்தாள். குளிப்பாட்டிய குழந்தையைக் கைக்கு எட்டிய புடவையில் சுற்றிக்கொண்டு வந்தாள் கலாவதி. அவசரத்தில் எடுத்தேன் என்கிறாள். அது சீமந்தப் புடவை. "மாமா, நான்தான் கலாவதி" என்றாள். அவர் இரண்டு கையையும் நீட்டினார். குழந்தையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். பிறகு அவர் விரல் தன் பாட்டுக்குப் புடவைக் கரைமேல் ஓடியது. "இதோ, இங்க ஒண்ணு. இதோ, இன்னொண்ணு. நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

எனக்கு உச்சி வரைக்கும் ஏறியது. சங்கமே வாசலில் நிற்கிறது. கலாவதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவள் கல்யாணத்துக்கு நான் செய்ததெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"பேரு இன்னாம்மா வெச்சீங்க?" என்று கேட்டார்.

"வெக்கல மாமா. நீங்க வரணும்னு இருந்தோம்."

குழந்தையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டார். மறு கையால் அதன் முகத்தைத் தடவிக்கொண்டே, "சம்பந்தி, காது எங்க இருக்குது?" என்றார்.

"இன்னும் மேல. அது மூக்கு. கொஞ்சம் சோத்தாங்கை பக்கம். ஆங், அதான், அதான்" என்றேன். குனிந்து, குழந்தையின் காதில் தன் அம்மாவின் பெயரை, ஏலவார்குழலி என்று மூன்று தடவை சொன்னார். நீங்கள் வேறு ஏதோ நாகரிகப் பெயர் எழுதியனுப்பியிருந்தீர்கள். அதைச் சொல்லும் தைரியம் அந்த நேரத்தில் யாருக்கும் இல்லை. நான் அழுதேன் என்று கலாவதி உங்களுக்கு எழுதினால் அது உண்மைதான்.

மூன்றாவது தடவை சொல்லும்போது உங்கள் மகள் தாத்தாவின் முகத்தில் தொங்கிய துண்டு நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள். துண்டு கழன்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் மறந்து, வாசலில் நின்ற தணிகாசலத்தைப் பார்த்து, "யோவ், நாங்க தோக்கல. அவுத்தது நானில்ல, என் பேத்தி!" என்று சத்தம் போட்டார். "நாங்க" என்றார், மாப்பிள்ளை. என்னையும் சேர்த்துத்தான்.

பயிற்சியின் மிச்சம் நம் வீட்டிலேயே நடந்தது. உங்கள் மாமியார் எல்லோருக்கும் காப்பி போட்டாள். அந்த இரண்டு மூக்குப் பறவையை நடுவில் விரித்து, அதன் நடுவில் ஒரு குஞ்சு வைத்தால் என்ன என்று ஒருவர் சொல்ல, ரெக்கையைப் பிரித்தால் இரண்டு பறவை ஆகுமே என்று இன்னொருவர் சொல்ல, மத்தியானத்துக்குள் ஒன்பது டிசைன் வந்துவிட்டது. தணிகாசலம் தன் நோட்டில் ஏதேதோ எழுதிக்கொண்டான். இந்த ஆட்டத்தை எந்தப் புத்தகத்தில் போடுவது என்று அவனுக்கே தெரியவில்லை என்றான்.

ஆகையால் எந்த வீட்டில் பெட்டியை வைப்பது என்ற கவலை வேண்டாம். எந்த வீட்டில் வைத்தாலும் சாப்பாடு மற்ற வீட்டில்தான் என்று நானும் உங்கள் அப்பாவும் பேசி முடித்துவிட்டோம். நீங்கள் மட்டும் வந்து சேருங்கள். கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டாம், திறந்துகொண்டே வரலாம், குழந்தை பார்க்க அவ்வளவு அழகாக இருக்கிறாள். பனியில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். அம்மையப்பன் துணை.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
கைலாசம்

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்கு முன்னால் அந்தச் சீமந்தப் புடவையை வெயிலில் விரித்துக் கோர்வை முழுவதையும் நிதானமாகத் தடவிப் பார்த்தேன். மேலே கற்பூரத்தைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். உங்கள் அப்பா சொன்னதும் தப்புதான், இரண்டு இடம் இல்லை, மூன்று. அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நீங்கள் வந்து இறங்குகிற அன்றைக்கு, எல்லோரும் இருக்கும்போது, நானே சொல்லிக்கொள்கிறேன்.